நெற்றிக்காசும் மூலையில் எழுதிய எண்களும்

காலமான பழங்காசு வணிகர் ஐயாவின் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் மொரீஷியஸின் முதல் பிரதமர் சர் சிவசாகர் ராம்கூலம் முகம், மறுபக்கம் கேடயத்தைத் தாங்கி நிற்கும் டோடோ பறவையும் மானும். போர்ட் லூயிஸில் எந்தக் கடையில் ரொட்டி வாங்கினாலும் மீதிச் சில்லறையில் வரும் காசுதான் அது. அஞ்சலிக்கு வந்திருந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர் 1934ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். ஐயாவிடமே வாங்கியது. அதை வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மகள் சொன்னார்: “வேண்டாம் மாமா. அப்பா கடைக்காசை வீட்டுக்குள்ள கொண்டு வந்ததே இல்ல. இது வீட்டுக்காசு. இது போதும்.”

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கடையில் சரக்கு இன்னும் அப்படியே இருக்கிறது, வீட்டில் இரண்டு பெண்கள்தான் இருக்கிறார்கள். பழங்காசு வணிகர் காலமானார் என்று பேரும் தெருவும் போட்டு எழுதுவது திருடனுக்கு வழி சொல்வது. இரங்கல் எழுதும் மற்றவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். அவரிடம் வாங்கியவர்களுக்கு யாரென்று சொல்லத் தேவையில்லை. தமிழ் வீடுகளில் ஐயா, கிரியோல் பேசுகிறவர்களுக்குத் தோந்தோன், அதாவது மாமா. இரண்டும் ஒரே ஆள்தான்.

தீவு முழுக்கச் சேகரிப்பாளர்கள் கலங்கிப்போயிருப்பது ஒரு கடை மூடியதற்காக அல்ல. காசு வாங்க இணையத்தில் ஆயிரம் இடம் இருக்கிறது. ஐயா விற்ற ஒவ்வொரு காசும் ஒரு சின்ன அட்டை ஹோல்டரில் இருக்கும். இரண்டு அங்குலச் சதுரம், நடுவில் வட்ட ஜன்னல், நான்கு பக்கமும் ஸ்டேப்ளர் பின். எல்லா வணிகர்களும் வைத்திருக்கும் அதே அட்டைதான். ஆனால் அவர் அட்டையின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருப்பது வேறு யார் அட்டையிலும் இருக்காது.

ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே 1877ஆம் ஆண்டு 20 சென்ட், விக்டோரியா தலை, வெள்ளி. முன்பக்கம் மேலே ஆண்டும் மதிப்பும், பர்மிங்காம் ஹீட்டன் நாணயச்சாலையைக் குறிக்கும் ‘எச்’ எழுத்தும். கீழே இடது மூலையில் ௩௱௫௰. வலது மூலையில் காசு வந்த ஊரும் இடமும்: “ரோஸ் ஹில், பாட்டி பெட்டி”. அட்டையைத் திருப்பினால் ஒரே ஒரு சொல்: “கழுவியது”.

விற்கிறவன் தன் கையாலேயே தன் சரக்கின் குறையை எழுதி வைப்பது சாதாரண விஷயமில்லை. கழுவிய வெள்ளிக்காசு தெரியாதவர் கண்ணுக்குப் பளபளவென்று புதுசாகத்தான் தெரியும். அந்த ஒரு சொல் இல்லாமல் விற்றால் இன்னும் பாதி விலை கூடுதலாகக் கிடைக்கும். “கழுவியது”, “கொண்டி எடுத்தது”, “விளிம்பு அராவியது”, “நோட்டு இஸ்திரி போட்டது” என்று அவர் எழுதிவைத்த அட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவருடைய நேர்மை முழுக்க அந்தப் பென்சில் எழுத்தில்தான் இருக்கிறது. அட்டையிலிருந்து காசைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வெள்ளியும் செம்பும். இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தப் பிரிவு நடக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக. இந்தக் குடும்பத்துக்கு மட்டுமில்லை, நம் தீவில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன.

முதலில் மூலையில் இருக்கும் எண். அது வாங்கின விலை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு வாங்கின விலை தெரியக்கூடாது என்பதற்காக உலகம் முழுக்க வணிகர்கள் ஏதாவதொரு மறைவெழுத்து வைத்திருப்பார்கள். பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை எடுத்து எழுத்துக்கு ஓர் எண் கொடுப்பது பரவலான முறை. ஐயாவுக்கு அது தேவைப்படவில்லை. தமிழ் எண்ணே போதுமானதாக இருந்தது. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எண் அச்சாகிறது, தினமும் கையில் வைத்துக்கொண்டு போகிறோம், ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான்.

அவர் எழுதியது பழைய முறை. சுழியம் போட்டு இட மதிப்பில் எழுதுவதில்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறி. ௩௱௫௰ என்றால் மூன்று நூறு, ஐந்து பத்து: 350. ௲௨௱ என்றால் 1200. ௰௬ என்பது 16. இதில் மூன்று இடத்தில் தவறு நேர்கிறது. ௧, ௭, ௮, ௰ நான்கும் க, எ, அ, ய போலவே இருப்பதால், வாங்கினவர் பெயரின் முதலெழுத்து என்று நினைத்துவிடுகிறார்கள். அடுத்து, ௫௰ என்பதை 5, 10 என்று தனித்தனியாகப் பதிந்துவிடுகிறார்கள், அது ஐம்பது. மூன்றாவது, கொள்முதல் நோட்டுகளில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ‘உ’ இருக்கிறது. பார்க்க ௨ மாதிரியே இருக்கும். அது இரண்டு அல்ல, பிள்ளையார் சுழி. பட்டியல் எடுக்க உதவிய கல்லூரிப் பையன் எல்லாப் பக்கத்திலும் முதல் வரியை “2 எண்ணிக்கை” என்று கணினியில் ஏற்றிவிட்டான். அரைநாள் வேலை திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

பட்டியல் எடுப்பது எப்படி என்று கேட்டால், எதையும் தொடாமல் தொடங்க வேண்டும் என்பதுதான் பதில். இழுப்பறையைத் திறந்ததும் இருக்கிறபடியே மேலிருந்து ஒரு படம். பிறகு வரிசைக்கு ஒரு படம். அதற்குப் பிறகுதான் ஒவ்வோர் அட்டையாக எடுத்து முன்னும் பின்னும் படம். எண் கொடுப்பதற்கு இழுப்பறை, வரிசை, இடம் என்று மூன்று பகுதி போதும்: 3-2-14 என்றால் மூன்றாவது இழுப்பறை, இரண்டாவது வரிசை, பதினான்காவது அட்டை. படத்தின் கோப்புப் பெயரும் அதே எண்ணாக இருக்கட்டும். அட்டை எந்த அட்டைக்குப் பக்கத்தில் இருந்தது என்பதுகூடத் தகவல்தான். ஒரே வீட்டிலிருந்து வந்த காசுகளை அவர் அடுத்தடுத்து வைப்பார். முதல் அட்டையில் மட்டும் ஊர் எழுதியிருப்பார். வரிசை கலைந்தால் மற்ற பத்துக்கும் ஊர் கிடையாது.

படத்துக்குக் கைபேசி போதும். வெள்ளைத் தாள் விரித்து, கைபேசியை முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் அசையாமல் நிறுத்தி, இரண்டு மேசை விளக்கைக் கடிகாரத்தில் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் திசையில் சாய்த்து வைக்க வேண்டும். கைபேசியின் பிளாஷ் கூடாது. அட்டையின் பிளாஸ்டிக் ஜன்னல் பளிச்சென்று அடித்துக் காசு தெரியாமல் போகும். பென்சில் எழுத்து மங்கலாக இருந்தால் ஒரு விளக்கை அணைத்து, மற்றதை மேசையோடு மேசையாகத் தாழ்த்தினால் பென்சில் அழுத்திய தடம் நிழலாக எழுந்து வரும். புதிதாக எண் எழுதுவதும் பென்சிலில்தான். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் உள்ளே இருக்கும் காசில் படும், மையும் நாளடைவில் கசியும்.

சரக்கு மூன்று வகை என்பதைக் குடும்பத்தார் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய சொந்தச் சரக்கு ஒன்று. விற்றுத் தரச் சொல்லி மற்றவர்கள் கொடுத்து வைத்தது இன்னொன்று. பார்த்துச் சொல்லுங்கள் என்று விட்டுப்போனது மூன்றாவது. பின்னிரண்டும் வாரிசுச் சொத்து இல்லை. சொத்துப் பகிர்வுக்காக நோட்டரியிடம் கொடுக்கும் பட்டியலில் அவை தவறிச் சேர்ந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஐயா அடுத்தவர் பொருளை வைக்கும் காகித உறையின் மேல் “பி” என்று வட்டத்துக்குள் எழுதுவார், பிறர் பொருள் என்பதன் சுருக்கம். அந்த உறைகளை மட்டும் படம் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. என்னுடையது என்று கேட்டு வருகிறவர், உறையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஆண்டு, உலோகம், எத்தனை காசு, காசில் இருக்கும் குறை, கொடுத்த மாதம் எல்லாம் சொல்ல வேண்டும். சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கின பிறகுதான் உறையைத் திறக்க வேண்டும். நல்ல மனிதர்கள் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கும் பொருளின் சொந்தக்காரனுக்கும் வித்தியாசம் தெரிய இதைவிட எளிய வழி இல்லை.

பதினாறாம் நாளுக்குள்ளாகவே “எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிறேன்மா, உங்களுக்கும் தொல்லை விட்டுது” என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். எல்லா ஊரிலும் வருவார். கருமாதி முடியும்வரை எதையும் பேசுவதில்லை என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பழக்கம் இப்படிப்பட்ட நேரத்தில் குடும்பத்தைக் காப்பாற்றும்.

இனிப் பொருளைக் காப்பது. போர்ட் லூயிஸ் கடலோரம். உப்புக் காற்று, நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை புழுக்கம். கடை தினமும் திறந்து, விசிறி ஓடி, ஆள் கை பட்டுக்கொண்டிருந்தவரை தெரியாத கெடுதல்கள், பூட்டி வைத்த மூன்றே மாதத்தில் தலைகாட்டும்.

மென்மையான, வளைகிற பிளாஸ்டிக் உறைகள்தான் முதல் எதிரி. பிவிசி பிளாஸ்டிக் நாள்பட நாள்பட அமிலத்தைக் கக்கும்; அது செம்போடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகக் காசின்மேல் படியும். வெள்ளிக்காசிலும் செம்பு கலந்திருப்பதால் அதற்கும் இதே கதி. தொட்டால் ஒட்டும், விட்டுவிட்டால் உலோகத்தை அரிக்கும். இதை எடுக்கச் சுத்தமான அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம்; அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். இரண்டு கண்ணாடிக் கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் சில வகை அசிட்டோனில் கரைந்துபோகும். முதல் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றிப் பத்து நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் பத்து நிமிடம். பிறகு இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முக்கு. விளிம்பைப் பிடித்தெடுத்துப் பருத்தித் துணியின்மேல் வைத்தால் அரை நிமிடத்தில் தானே உலர்ந்துவிடும். துடைக்கக் கூடாது. இரண்டாவது கிண்ணத்தை விட்டுவிட்டால் முதல் கிண்ணத்தில் கரைந்த பிசுக்கு உலரும்போது மெல்லிய படலமாகத் திரும்பக் காசிலேயே ஒட்டும். பாதிப் பேர் செய்யும் தவறு இது.

இதைத் துக்க வீட்டில் செய்யவே கூடாது. படத்துக்கு முன்னால் இரவும் பகலும் விளக்கு எரியும். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்துபோய் விளக்கில் பற்றும். வேறு வீட்டில், ஜன்னல் திறந்து, நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். ரூபாய் நோட்டை அசிட்டோன் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

பிசுக்கு வேறு, களிம்பு வேறு. செம்பிலும் வெண்கலத்திலும் கெட்டியாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும், அதோடு போராட வேண்டியதில்லை. வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்து, தட்டிவிட்டாலும் சில வாரத்தில் திரும்ப வந்தால் அது நோய். உப்பிலிருக்கும் குளோரைடும் ஈரமும் சேர்ந்து உள்ளே தின்றுகொண்டே போகிறது. 1877இன் 1, 2, 5 சென்ட் வெண்கலக் காசுகளைக் கடலோர வீடுகளிலிருந்து எடுக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்டதை உடனே தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு பிரித்து வையுங்கள். நிறம் மாறும் ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் அடுப்பில் 100 முதல் 120 செல்சியஸ் பாகையில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. வெள்ளிக்காசுச் சுருளை ரப்பர் பேண்டால் கட்டினால் கறுப்புக் கோடு விழும், அது போகாது. செய்தித்தாளில் சுற்றுவதும் அப்படித்தான். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள், பின்னின் கூர் நுனி காசின் முகத்தில் கீறிவிடும். குறடால் பின்னை நறுக்கி எடுங்கள், காசைப் புது அட்டையில் போடுங்கள், பழைய அட்டையை அதே பையில் கூடவே வையுங்கள். பழைய அட்டையைக் குப்பையில் போட்டால் ஐயாவின் சாட்சி போயிற்று.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு கெடுதலும் உண்டு. புளியும் விபூதியும். குத்துவிளக்கைத் துலக்குகிற கையோடு பாட்டியின் வெள்ளி ரூபாயையும் துலக்கிவிடுவார்கள், பூசைக்கு வைக்கிற பொருள் அழுக்காக இருக்கலாமா என்று. புளியின் அமிலம் மேல்தோலைத் தின்னும், சாம்பல் ஆயிரம் நுண்கீறல் போடும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எழுத்துகளின் நடுவே எல்லாக் கோடும் ஒரே திசையில் ஓடும், குழிகளில் மட்டும் பழைய கறுப்பு மிஞ்சியிருக்கும். ஐயா “கழுவியது” என்று எழுதியவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. அந்த வீட்டாரிடம் அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பக்தியில் செய்ததற்கு என்ன சொல்ல முடியும்? ஆனால் அட்டையில் எழுதுவதையும் விட்டதில்லை.

காசுமாலைக் காசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தத் தீவில் தமிழர் வீடுகளிலிருந்து கடைக்கு வரும் வெள்ளியில் கணிசமானது அதுதான். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகத் தீவுக்கு வந்து, போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் ஆப்பிரவாசி காட் படிகளில் ஏறியவர்களுக்குச் சேமிப்பு என்றால் கழுத்தில் கிடக்கும் இந்திய வெள்ளி ரூபாய்தான். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி. மொரீஷியஸ் தன் கணக்கையே ரூபாய்க்கு மாற்றிக்கொண்டு 1877இல் சொந்தச் சில்லறை அடித்ததற்கும் இந்த ரூபாய்ப் புழக்கம் ஒரு பெரிய காரணம். மாலையிலிருந்து எடுத்த காசில் உச்சியில், அதாவது ராணியின் தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள். பத்தர் மாலையில் கோக்கும் கொண்டியை எடுத்துவிட்டு அரத்தால் ராவியிருந்தால் விளிம்பு வரிகள் அந்த இடத்தில் மட்டும் மழுங்கியிருக்கும். பற்றாசு பட்ட இடம் லேசான மஞ்சளாகவோ சாம்பலாகவோ நிறம் மாறியிருக்கும். வரிகளைத் திரும்ப வெட்டியிருந்தால் இடைவெளி சீராக இருக்காது. இப்படிப்பட்ட காசு சேகரிப்பாளருக்கு வெள்ளி விலைக்கு மேல் அதிகம் போகாது. மாலை முழுசாக இருந்தால் ஒரு காசைக்கூடப் பிரிக்காதீர்கள். மாலை மாலையாக இருக்கும்போதுதான் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

அசல்தானா என்று பார்க்க அவர் கல்லாவில் இருந்த கருவிகள் நான்கு: நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு, வெர்னியர் அளவுகோல், காந்தம், ஒரு கண்ணாடி டம்ளர். டம்ளர் எதற்கென்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தராசின்மேல் தண்ணீர் டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. 11.66 கிராம் வெள்ளி ரூபாய்க்கு அது 1.13 வர வேண்டும். பித்தளை என்றால் 1.37 பக்கம் போகும். செம்பும் நிக்கலும் கலந்தது 1.31. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடுதலாகக் காட்டி நல்ல காசையும் பொய்யாக்கிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் குமிழி நிற்காது. இங்கிலாந்துத் தங்கப் பவுன் காசுக்கு 7.98 கிராம், தண்ணீரில் 0.45 பக்கம்.

இந்த டம்ளர் உள்ளூர் காசுக்கும் உதவும். மொரீஷியஸ் ஒரு ரூபாய் 1934இலும் 1938இலும் வெள்ளி. 1950இல் வந்தது செம்பு-நிக்கல். கையில் பிடித்தால் எடையும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நிறமும் வெள்ளை. எல்லாவற்றையும் வெள்ளி என்று மூட்டை கட்டிவிடும் வீடுகள் உண்டு. ஆண்டைப் பார்த்தாலே தெரியும், தேய்ந்துபோனவற்றுக்கு டம்ளர்.

எல்லாவற்றையும்விட அதிகம் போலி சுற்றுவது 1810இன் பத்து லீவ்ர் வெள்ளிக்காசில். பிரெஞ்சு ஆளுநர் ஜெனரல் தெக்கான், பிடிபட்ட போர்த்துக்கீசியக் கப்பலின் வெள்ளியை உருக்கி அடிக்கவைத்தது. முடிசூடிய கழுகு, அதன் கீழ் அச்சு வெட்டிய அவெலினின் பெயர். அதே வருடம் டிசம்பரில் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இந்தக் காசுக்கு வேறு ஆண்டே கிடையாது. அதனாலேயே நினைவுப்பொருளாக வார்ப்புக் காசுகள் வந்து, அவையும் பழசாகி, தாத்தா வைத்திருந்தது என்று கடைக்கு வருகின்றன. லென்ஸில் கழுகின் சிறகுக்கு இடையில் பாருங்கள். வார்ப்பில் மேற்பரப்பு ரவை மாதிரி இருக்கும், வட்டமான நுண்குழிகள் தெரியும். அச்சில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் காசின் வெற்றுப் பரப்பைவிட்டுச் செங்குத்தாக எழும். வார்ப்பில் உருண்டு சரியும். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய பொருத்துக்கோடு ஓடினால் அதோடு முடிந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நாணயச்சாலையில் அடித்து வந்த வெண்கலக் காசுகளில் ‘எஸ்ஏ’ என்ற சிறு எழுத்து இருக்கும். தேய்ந்தவற்றில் முதலில் மறைவதும் அதுதான். பார்க்காமல் சாதாரணக் குவியலில் போட்டுவிடாதீர்கள்.

நோட்டுகளில் 1998ஆம் ஆண்டு வரிசையைப் பற்றி ஐயா பேசத் தொடங்கினால் கடை சாத்த நேரமாகிவிடும். அந்த நவம்பரில் மொரீஷியஸ் வங்கி வெளியிட்ட 25 முதல் 2000 ரூபாய் வரையான புது நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து நாகரி எழுத்து, அதற்கும் கீழே தமிழ். அதுவரை தமிழ்தான் இரண்டாவதாக இருந்தது. தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, 1999இல் ஆங்கிலம், தமிழ், நாகரி என்ற பழைய ஒழுங்கோடு மறுபடி வந்தன. படம் மாறவில்லை. 100 ரூபாய் நோட்டில் இருக்கும் ரங்கநாதன் சீனிவாசன் இரண்டிலும் அப்படியே இருக்கிறார். கல்லாக் கண்ணாடிக்குக் கீழே அந்த இரண்டு நூறு ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அவை விற்பனைக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார், கண்டுபிடிக்கும்வரை விட மாட்டார். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் எழுத்தின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்கும்.

நோட்டில் ஏமாற்று என்றால் துவைத்து இஸ்திரி போடுவதுதான். மடிப்பு மறைந்து புதுசு போல ஆகும். ஜன்னலுக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, கண்ணுக்கு நேராகத் தாளின் மட்டத்தோடு பாருங்கள்; உடைந்த இழைகள் நிழல்கோடாகத் தெரியும். விரலை ஓட்டினால் புடைத்த அச்சு தட்டையாகியிருக்கும். புற ஊதா விளக்கில் நோட்டுத்தாள் மங்கலாகவே இருக்க வேண்டும்; சலவைத்தூளில் துவைத்தது நீலமாக ஒளிரும். டோடோ தலை நீர்க்குறி அசலாகவே இருக்கும், அதை வைத்து இதில் எதுவும் தெரியாது. வைப்பதற்குப் பாலியெஸ்டர் உறை. லேமினேஷன் போட்ட நோட்டை யாராலும் மீட்க முடியாது, கிழிசலுக்கு ஒட்டிய செலோடேப்பும் பத்து வருடத்தில் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கிவிடும்.

விற்பது என்று முடிவானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்க வேண்டாம். பவுன்கள் போன்ற, உலோக விலைக்கே போகிறவை முதலில். ஒரு பவுனில் சுத்தத் தங்கம் 7.32 கிராம் என்று கணக்கு வைத்துக்கொண்டு அன்றைய விலையோடு ஒப்பிடுங்கள். வெள்ளி ரூபாயில் 10.69 கிராம். சாதாரணக் காசுகளை அட்டையோடு தொகுதி தொகுதியாகத் தரலாம். 1810, 1877, 1998 போன்ற உள்ளூர் அருமைகள் கடைசியில், குறைந்தது இரண்டு பேரிடம் எழுத்தில் விலை கேட்ட பிறகு. கேட்டலாக் விலையை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. அது கடையில் விற்கும் விலை, கடைக்காரன் வாங்கும் விலை அல்ல. அந்த அட்டைகளில் இருக்கும் “கழுவியது” என்ற சொல்லை அழிப்பான் கொண்டு அழிக்கச் சொல்கிறவர்கள் வருவார்கள், வந்தும் இருக்கிறார்கள். ஐயாவின் வீட்டம்மா அதற்கு ஒரே பதில்தான் சொன்னார்: “அவர் எழுதினதை நான் அழிக்க மாட்டேன் தம்பி.”

முதல் இரண்டு இழுப்பறை முடிந்திருக்கிறது. மூன்றாவதில் வெண்கலம், அதில் நோய்பட்டவை இருப்பதால் மெதுவாகத்தான் போகும். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் மகள் தானாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த ஒரு ரூபாய்க் காசு, நெற்றியிலிருந்து எடுத்தது, புது அட்டையில் நான்கு பின் அடித்து இருக்கிறது. மூலையில் எண் எதுவும் இல்லை. பின்பக்கம் பென்சிலில்: “சந்தனம் பட்டது. கழுவவில்லை.”